தூக்கிப்போடச் சொன்ன சிபியுவும் காரைக்குடி மாடிக்கடையும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையின் பெயரைப் போடவில்லை. "எழுதவா தம்பி?" என்று கேட்டதற்கு, "வேணாம்ணே, இருக்குற கூட்டத்துக்கே பதில் சொல்ல முடியல" என்று கடைக்காரர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். காரைக்குடியில் செக்காலை ரோட்டை ஒட்டிய ஒரு சந்து, கீழே ஜெராக்ஸ் கடை, மேலே இவர். படி குறுகல், ஒருவர் இறங்கினால் இன்னொருவர் ஏற முடியாது, கையில் சிபியுவோடு வருகிறவருக்கு மற்றவர்கள் ஒதுங்கி வழிவிடுவது அங்கே எழுதாத சட்டம். தேடிப் போகிறவர்களுக்கு இந்த அடையாளம் போதும்.

எங்கள் வீடு கோட்டையூரில். வீட்டில் ஓடுவது 2018-ல் வாங்கிய அசெம்பிள் மெஷின், இன்டெல் ஐ3 எட்டாம் தலைமுறை புராசஸர், 8 ஜிபி ராம், 1 டிபி ஹார்ட் டிஸ்க். பெரிய வேலை எதுவும் இல்லை. என் மனைவி பலகார ஆர்டர் எடுக்கிறாள், அந்தக் கணக்கு எக்ஸெலில் இருக்கிறது. மகளுக்குப் பள்ளிக்கூட புராஜெக்ட். சனிக்கிழமை ராத்திரி சிங்கப்பூரில் இருக்கிற அண்ணனோடு ஆத்தாவுக்கு வீடியோ கால், போனில் முகம் சின்னதாகத் தெரிகிறது என்று கம்ப்யூட்டரில்தான் பேசுவார்கள். அப்புறம் அப்பச்சி (எங்கள் பக்கம் அப்பாவை அப்படித்தான் சொல்வோம்) காலத்திலிருந்து ஸ்கேன் செய்து வைத்த போட்டோக்கள், கடிதங்கள். இவ்வளவுதான்.

தீபாவளிக்கு வந்த அக்கா மகன், விண்டோஸ் 10-க்கு இனி அப்டேட் வராது மாமா, 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது என்று சொல்லி, விண்டோஸுக்கும் முன்னால் எழும்புகிற பயாஸ் என்ற செட்டிங்ஸுக்குள் போய் எதையோ ஆன் செய்து (பிறகு தெரிந்துகொண்டேன், விண்டோஸ் 11 கேட்கிற டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு ஏற்பாடு நம் மதர்போர்டிலேயே இன்டெல் பிடிடி என்ற பெயரில் தூங்கிக்கொண்டிருந்ததாம்) விண்டோஸ் 11-க்கு மாற்றிவிட்டுப் போனான். பையன் செய்ததில் தப்பு ஒன்றும் இல்லை. எட்டாம் தலைமுறை என்பதால் எங்கள் மெஷின் அனுமதிப் பட்டியலில் இருக்கிறது, முறைப்படிதான் ஏற்றினான். ஆனால் அவன் ரயில் ஏறிய மறுநாளிலிருந்து கம்ப்யூட்டர் நகரவில்லை. சுவிட்சைப் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போய் காபி ஆற்றிக் குடித்துவிட்டு வந்தாலும் அந்த வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். ஒருநாள் போனில் டைம் வைத்துப் பார்த்தேன், பவர் பட்டனை அழுத்தியதிலிருந்து எக்ஸெலில் ஒரு எண்ணை அடிக்கிற வரைக்கும் 7 நிமிடம் 10 விநாடி.

முதலில் போனது இந்த மாடிக்கடைக்கு இல்லை. ஏசி போட்ட, கண்ணாடிக் கதவு வைத்த ஒரு கடை, எந்த ஊர் என்ன பேர் என்று சொல்வதாக இல்லை. அங்கே மூடியைக்கூடத் திறக்காமல், "ஏழு வருஷ மெஷின் சார், விண்டோஸ் 11 தாங்காது, போர்டே போயிடுச்சு" என்றார்கள். புதுசுக்கு 36,000 கொட்டேஷன், விண்டோஸ் லைசென்ஸ் தனி. யோசித்துச் சொல்கிறேன் என்றதும் செக்கிங் சார்ஜ் 350 வாங்கிக்கொண்டு, போனால் போகிறது என்று வேகப்படுத்துகிற சாஃப்ட்வேர் ஒன்றைப் போட்டுக் கொடுத்தார்கள். அது வந்த நாளிலிருந்து மூலையில் ஒரு சிவப்புப் பெட்டி எட்டிப் பார்த்து, உங்கள் கம்ப்யூட்டரில் ஆயிரத்துச் சொச்சம் பிழைகள் இருக்கின்றன, பணம் கட்டினால் சரி செய்கிறேன் என்று மிரட்ட ஆரம்பித்தது. மெதுவாக ஓடிய மெஷின் அதற்கப்புறம் மெதுவாகவும் பயந்துகொண்டும் ஓடியது.

கார்த்திகை பிறந்துவிட்டது. மார்கழியில் பிள்ளையார் நோன்பு வருகிறது, அதற்கு முன்னால் பலகார ஆர்டர் குவியும், மனைவி நோட்டில் எழுதுகிறேன் என்று ஆரம்பித்து நாலு நாளில் நோட்டையே தொலைத்துவிட்டாள். பக்கத்து வீட்டுக்காரர் சொல்லித்தான் இந்த மாடிக்கடை தெரியும். மழை தூறிக்கொண்டிருந்தது. சிபியுவை உரச்சாக்குக்குள் போட்டு, அதன்மேல் பழைய பெட்ஷீட்டைச் சுற்றி, டிவிஎஸ் எக்ஸ்எல்லில் காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு போனேன். கொப்புடையம்மன் கோவில் பக்கம் ஒரு வேகத்தடையில் அது எகிறியதும், சரி, உள்ளே இருந்த கொஞ்ச உயிரும் இதோடு போயிற்று என்றுதான் நினைத்தேன்.

கடை பத்துக்குப் பன்னிரண்டு அடி இருக்கும். மூன்று பக்கமும் திறந்து கிடக்கிற சிபியுக்கள், ஒவ்வொன்றிலும் மஞ்சள் பேப்பரில் பெயரும் தேதியும், ஓரமாக ஒரு ப்ளோயர். நாற்பது வயதுக்காரர் ஒருவர், கூட ஒரு பையன். நான் கதையை ஆரம்பித்ததும், "போட்டுப் பாத்துட்டுப் பேசுவோம்ணே" என்று மானிட்டரை மாட்டினார். ஸ்க்ரூ டிரைவரைத் தொடவே இல்லை. எழும்பி வருகிற வரைக்கும் காத்திருந்து, கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, உள்ளே எது எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டுகிற டாஸ்க் மேனேஜரைத் திறந்தார். அந்தத் திரையை நானும் முன்பு பார்த்திருக்கிறேன், ஒன்றும் புரியாமல் மூடியிருக்கிறேன். அவர் வரிவரியாகக் காட்டினார். சிபியு, அதாவது பெட்டிக்குள் இருக்கிற அந்த ஐ3 புராசஸர், 9 சதவீதம். மெமரி 58 சதவீதம். டிஸ்க் 100 சதவீதம். அந்த டிஸ்கின் மேல் கிளிக் செய்தால் படிக்கிற வேகம் விநாடிக்கு 1.4 எம்பி, ஒரு வேலைக்குப் பதில் சொல்ல 1,800 மில்லிசெகண்டுக்கு மேல். "பாருங்கண்ணே, மூளை சும்மா உக்காந்திருக்கு, மேசையில எடமும் இருக்கு. பரண்ல ஏறி சாமான் எடுத்துக் குடுக்குற ஆள்தான் மூச்சு வாங்குறான்."

அதே திரையில் இன்னொன்றும் காட்டினார், எனக்கு அதுதான் ஆச்சரியம். சிபியு பக்கத்தில் கீழே, எத்தனை நாளாக நிற்காமல் ஓடுகிறது என்று ஒரு கணக்கு இருக்கிறது. அதில் 19 நாள் என்று இருந்தது. தினமும் ராத்திரி நான் ஷட் டவுன் செய்கிறேனே தம்பி என்றேன். செய்தாலும் விண்டோஸ் முழுக்கத் தூங்குவதில்லையாம். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்று ஒன்று, உள்ளே ஓடிக்கொண்டிருக்கிற முக்கியப் பகுதியை அப்படியே டிஸ்கில் எழுதிவைத்துவிட்டு, காலையில் அதையே திரும்ப எடுத்து விரிக்கிறது. சீக்கிரம் எழும்ப வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு. ஆனால் உள்ளே ஏதாவது சிக்கல் இருந்தால் அதுவும் சேர்ந்துதான் எழும்பும். ரீஸ்டார்ட் கொடுத்தால் மட்டும்தான் மொத்தமாகக் கழுவிவிட்டுப் புதிதாக ஆரம்பிக்கும். இத்தனை வருடம் ரெண்டும் ஒன்றென்று நினைத்திருந்தேன்.

அப்புறம் ஸ்டார்ட்அப் பட்டியல். சுவிட்ச் போட்டதும் தானாக எழுந்து வருகிறவை பதினாறு. எப்போதோ விற்றுவிட்ட பிரின்டரின் சாஃப்ட்வேர் இன்னும் தினமும் காலையில் எழுந்து அந்தப் பிரின்டரைத் தேடிக்கொண்டிருந்தது. விண்டோஸிலேயே டிஃபென்டர் இருக்கும்போது அதன்மேல் காலாவதியான இன்னொரு ஆன்டிவைரஸ். அந்த 350 ரூபாய் வேகப்படுத்தி. எல்லாவற்றையும் எடுத்தார். சி டிரைவ் சிவப்பாக இருந்தது, 120 ஜிபியில் 4 ஜிபிதான் காலி. விண்டோஸ் மாறும்போது பழையதை ஒரு ஃபோல்டரில் கட்டி ஓரமாக வைத்திருக்கும், வேண்டாம் என்றால் பத்து நாளைக்குள் பழையதற்கே திரும்பிப் போகலாம், அதற்காக. பத்து நாள் கழிந்தால் அதுவே போய்விட வேண்டும், எங்கள் வீட்டில் என்னவோ போகாமல் 22 ஜிபி உட்கார்ந்திருந்தது. டிஸ்க் கிளீனப்பில் அதையும் அனுப்பிவைத்தார். இதற்கெல்லாம் முக்கால் மணி நேரம், காசு இல்லை. ரீஸ்டார்ட் செய்து டைம் பார்த்தால் 7 நிமிடம் 4 நிமிடமாக இறங்கியிருந்தது. நான் இதுவே போதும் என்று எழுந்துவிட்டேன்.

"உக்காருங்கண்ணே" என்றார்.

கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்று ஒரு இலவச சாஃப்ட்வேர், பெரும்பாலோர் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதில் எங்கள் ஹார்ட் டிஸ்குக்கு நேராக மஞ்சள் கட்டம் விழுந்தது. 14,000 மணி நேரத்துக்கு மேல் ஓடியிருக்கிறது, சில இடங்கள் படிக்க முடியாமல் போய், வேறு இடத்துக்கு மாற்றப்பட்டிருக்கின்றன, இன்னும் சில இடங்கள் மாற்றத்துக்குக் காத்திருக்கின்றன. அதாவது விண்டோஸ் 11 வந்து மெஷினைக் கெடுக்கவில்லை, கெட்டுக்கொண்டிருந்த டிஸ்கின் மேல் ஒரு பெரிய வேலை வந்து ஏறியதும் குட்டு உடைந்துவிட்டது. புது விண்டோஸ் வந்ததும் முதல் ஓரிரு நாள் எல்லா ஃபைலையும் எண்ணித் தேடல் பட்டியல் போடும், டிஃபென்டர் ஒரு சுற்று வரும், அடுத்தடுத்த அப்டேட் இறங்கும். நல்ல டிஸ்க் என்றால் அந்த ரெண்டு நாள் முனகிவிட்டுச் சரியாகிவிடும், ராத்திரி முழுக்க ஓடவிட்டால் போதும். மூன்று வாரம் கழித்தும் மூச்சு வாங்கினால் விஷயம் வேறு.

ஹார்ட் டிஸ்குக்குப் பதிலாக எஸ்எஸ்டி (சுற்றுகிற தட்டு இல்லாமல் சிப்பிலேயே சேமிக்கிற டிஸ்க்) போடலாம் என்றார். அது ஏன் வேண்டும் என்று நான் கேட்டதற்கு அவர் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன், இதற்கு மேல் தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை (வளவு என்பது எங்கள் பக்கத்து வீடுகளின் நடு முற்றம், ரெண்டாங்கட்டு அதற்கும் உள்ளே இருக்கிற அடுத்த பகுதி). "உங்க வீட்ல கல்யாணம்னு வைங்க. வளவைச் சுத்தி ரெட்டை ரெட்டையா அறை இருக்கும்ல, ஒண்ணுல பித்தளை, ஒண்ணுல வெங்கலம், ஒண்ணுல ஜமுக்காளம். சாவிக்கொத்து ஒரே ஆள்கிட்ட. அண்டா ஒரு அறையில, அதுக்கு மூடி இன்னொரு அறையில, கரண்டி ரெண்டாங்கட்டுல. ஒண்ணொண்ணுக்கும் அவன் ஓடி, பூட்டைத் தெறந்து, எடுத்துக் குடுத்துட்டு, திரும்ப ஓடணும். அதாண்ணே ஹார்ட் டிஸ்க். எஸ்எஸ்டில பூட்டும் இல்ல, ஓட்டமும் இல்ல, கை நீட்டுனா சாமான்." பிறகு வீட்டுக்கு வந்து கணக்கைப் பார்த்தேன், உவமை சரியாகத்தான் இருக்கிறது. சாதாரண டெஸ்க்டாப் ஹார்ட் டிஸ்க் நிமிடத்துக்கு 7,200 சுற்று சுற்றுகிறது, அதைப் படிக்கிற ஊசி ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குப் போய் நிற்க ஏறக்குறைய 10 மில்லிசெகண்ட் ஆகும், அப்படியானால் விநாடிக்கு நூறு சின்ன ஃபைலை எடுத்தாலே அதிகம். சாட்டா கேபிளில் மாட்டுகிற சாதாரண எஸ்எஸ்டிகூட அந்த ஒரே விநாடியில் பல்லாயிரம் தடவை எடுத்துத் தரும். விண்டோஸ் எழும்புவது என்பது முழுக்க முழுக்க இப்படிச் சின்னச் சின்னச் சாமான் எடுக்கிற வேலைதான். பெரிய சினிமா ஃபைல் ஒன்றைக் காப்பி செய்கிற வேகத்தை வைத்து ஹார்ட் டிஸ்க் நன்றாகத்தானே இருக்கிறது என்று நாம் ஏமாறுவது இதனால்தான்.

நான் வாயைக் கொடுத்து, அப்படியே ராமையும் 16 ஆக்கிவிடு தம்பி என்றேன். கடைக்காரர் ஒருவர் வருகிற வியாபாரத்தை வேண்டாம் என்று சொல்லி நான் பார்த்தது அன்றைக்குத்தான். "58 சதவீதம்தான்ணே ஓடுது. நீங்க பாக்குற வேலைக்கு எட்டு போதும். இப்ப ராம் வெலை கண்ணைக் கட்டுது, எறங்குனா பாத்துக்கலாம்." வாஸ்தவம்தான், ஏஐ டேட்டா சென்டர்களுக்கு மெமரி சிப் எல்லாம் போய்க்கொண்டிருப்பதால் 2025 கடைசியிலிருந்து ராம் விலை ஏறிக்கிடக்கிறது. புது லைசென்ஸ் வாங்க வேண்டுமா என்றேன், போர்டு மாறாத வரைக்கும் லைசென்ஸ் அந்தப் போர்டோடு ஒட்டிக்கொண்டிருக்கும், டிஸ்கை மாற்றினால் நெட்டில் சேர்ந்ததும் தானே ஆக்டிவேட் ஆகிவிடும் என்றார், அப்படியேதான் ஆனது. 

சரி, குறைகளுக்கு வருவோம், இருக்கின்றன.

ரெண்டு நாளில் தருகிறேன் என்றவர் நாலு நாள் எடுத்தார். மதியம் ஒன்றிலிருந்து நாலு வரை போனை எடுப்பதே இல்லை, மற்ற நேரமும் எடுப்பது சந்தேகம்தான், மூன்றாம் நாள் நேரில் போய்த்தான் தெரிந்துகொண்டேன். பழைய டிஸ்கிலிருந்து 212 ஜிபி எடுக்க வேண்டும், பழுதான இடங்களில் வந்து முட்டி முட்டி நிற்கிறது, ஒரு ராத்திரியும் ஒரு பகலும் ஓடியும் முடியவில்லை. முதலில் டேட்டா, அப்புறம்தான் மற்றது, அவசரப்பட்டால் அந்த டிஸ்க் இன்னும் மோசமாகும் என்றார். நியாயம்தான், அதை ஒரு மெசேஜில் போட்டிருக்கலாம் இல்லையா. கடைசியில் ஏழு போட்டோ மட்டும் திறக்கவில்லை, எந்த ஏழு என்று ஒரு துண்டுச்சீட்டில் ஃபைல் பெயரோடு எழுதியே கொடுத்தார். ஐயா, அதாவது தாத்தா, பர்மாவிலிருந்து போட்ட கடிதங்களின் ஸ்கேன் அத்தனையும் முழுசாக வந்துவிட்டது, அதனால் நானும் பெரிதாகச் சண்டை போடவில்லை.

பழையதை அப்படியே குளோன் செய்யாமல் எஸ்எஸ்டியில் விண்டோஸ் 11-ஐப் புதிதாகவே ஏற்றினார். பழுதான டிஸ்கைக் குளோன் செய்தால் குப்பையும் கூடவே குடிவரும் என்றார், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதில்தான் ஒரு கோளாறு நடந்தது. வீட்டுக்கு வந்து அப்பச்சி அடித்துவைத்த பழைய வேர்டு ஃபைல்களைத் திறந்தால், கோவில் வரவு செலவு, பங்காளிகளுக்கு எழுதிய கடிதம், எல்லாம் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக ஒரே கிறுக்கல். எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது. மறுபடி பெட்ஷீட், மறுபடி டிவிஎஸ். அவர் பார்த்ததும் நெற்றியில் அடித்துக்கொண்டார். அதெல்லாம் பாமினி எழுத்துருவில் அடித்தது. எல்லா மெஷினுக்கும் பொதுவான யூனிகோடு வருவதற்கு முன்னால் தமிழுக்கு இருந்த வழிகளில் ஒன்று அது, ஆங்கில எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் தமிழ் உருவத்தை வரைந்து வைத்திருப்பார்கள், அந்த ஃபான்ட் மெஷினில் இருந்தால் தமிழ், இல்லையென்றால் கிறுக்கல். டேட்டாவை எல்லாம் எடுத்தவர் ஃபான்ட்டை எடுக்க மறந்துவிட்டார். நல்லவேளை பழைய ஹார்ட் டிஸ்கை என்னிடம் திருப்பிக் கொடுத்திருந்தார், அதன் விண்டோஸ் ஃபோல்டருக்குள் ஃபான்ட்ஸ் என்ற இடத்திலிருந்து பாமினியை எடுத்து ஏற்றியதும் அப்பச்சியின் கடிதம் பழையபடி வந்துவிட்டது. மறந்தது அவர் தப்புதான், அவரும் ஒத்துக்கொண்டார், காசு வாங்கவில்லை. ஆனால் உங்கள் வீட்டிலும் பழைய தமிழ் ஃபைல் இருந்தால் ஃபார்மேட் போடுவதற்கு முன்னால் ஃபான்ட்டைச் சொல்லி எடுக்கச் சொல்லுங்கள். புதிதாக அடிப்பதற்குக் கவலை இல்லை, தமிழ்99 விசைப்பலகை விண்டோஸ் 11-லேயே இருக்கிறது, செட்டிங்ஸில் தமிழைச் சேர்த்தால் போதும்.

இன்னொரு விஷயம், பழைய டிஸ்கை எந்தக் கடையில் மாற்றினாலும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அதில் உங்கள் பேங்க் ஸ்டேட்மென்ட், ஆதார் ஸ்கேன் எல்லாம் இருக்கிறது. இவர் நான் கேட்காமலேயே ஒரு சில்வர் கவரில் போட்டு, மேலே தேதி எழுதிக் கொடுத்தார்.

பில்லைச் சொல்கிறேன், எல்லோரும் கேட்பீர்கள். 500 ஜிபி எஸ்எஸ்டி 3,450. டேட்டா எடுத்து விண்டோஸ் ஏற்ற 800. சாட்டா கேபிள் 100. தூசி தட்டி, ஃபேனுக்கு அடியில் தெர்மல் பேஸ்ட் மாற்றியதற்கு 200. மொத்தம் 4,550, கையால் எழுதின பில், கார்டு கிடையாது, ஜிபே உண்டு. எஸ்எஸ்டிக்கு மூன்று வருட வாரன்டி, டப்பாவை என்னிடமே கொடுத்து, சீரியல் நம்பரை என் போனிலேயே போட்டோ எடுக்கச் சொன்னார். ஜிஎஸ்டி பில் வேண்டும் என்பவர்கள் முன்னாலேயே கேட்டுக்கொள்ளுங்கள், எனக்குத் தேவைப்படவில்லை. தூசி என்றேனே, மூடியைத் திறந்தபோது ஃபேனில் இரண்டு புறா இறகு சிக்கியிருந்தது. வளவில் திறந்த வானம் வைத்துக் கட்டியவர்கள் கம்ப்யூட்டரை நினைத்தா கட்டினார்கள்.

வீட்டில் மாட்டி பவர் பட்டனை அழுத்திவிட்டு மனைவி போனில் டைம் வைத்தாள். எக்ஸெலில் முதல் எண் விழ 36 விநாடி. நம்பாமல் ரீஸ்டார்ட் போட்டு இன்னொரு தடவை பார்த்தாள், 34. அதே போர்டு, அதே ஏழு வருட ஐ3, அதே விண்டோஸ் 11.

ஆனால் அன்றைக்குச் சனிக்கிழமை, ராத்திரி அண்ணனின் வீடியோ கால் வந்தது, படம் முன்பு மாதிரியே நின்று நின்றுதான் வந்தது. ஆத்தா, "நாலாயிரம் குடுத்தியாக்கும், அவன் வாய் அசையுது, சத்தம் காணோமே" என்று கேட்டுவிட்டார்கள். திங்கட்கிழமை போய்ச் சொன்னேன். ரூட்டர் எங்கே இருக்கிறது, கம்ப்யூட்டர் எங்கே இருக்கிறது என்று மட்டும் கேட்டார். ரூட்டர் வாசல் பக்கத்து முகப்பில், கம்ப்யூட்டர் உள்ளே ரெண்டாங்கட்டில். சிரித்துவிட்டார். எங்கள் பக்கத்து வீடுகள் இந்தத் தெருவில் வாசல் வைத்து அடுத்த தெருவில் கொல்லை முடிகிற நீளம், நடுவில் இருக்கிற சுவர் ஒவ்வொன்றும் சுண்ணாம்புக் காரை பூசிக் கட்டின கனத்த சுவர், அதில் ஆணி அடிக்கவே ஆள் வேண்டும், வைஃபை எப்படி நுழையும். ரூட்டர் பக்கத்தில் போனை வைத்து ஸ்பீடு டெஸ்ட் போட்டுப் பாருங்கள், கம்ப்யூட்டர் பக்கத்திலும் போட்டுப் பாருங்கள் என்றார். முகப்பில் 60 எம்பிபிஎஸ், ரெண்டாங்கட்டில் 4. கம்ப்யூட்டர் மந்தம் வேறு, நெட் மந்தம் வேறு, நான் ரெண்டையும் ஒரே வியாதி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். 5 ஜிகாஹெர்ட்ஸ் வைஃபை வேகமானது, ஆனால் சுவர் தாண்டுவதில் 2.4-ஐவிட நோஞ்சான், இந்த வீட்டுக்கு அது ரெண்டுமே ஆகாது, கேபிள் இழுத்துவிடுவோம் என்றார். நெட்வொர்க் கேபிளுக்கு நூறு மீட்டர் வரைக்கும் பிரச்சினை இல்லை, எங்களுக்கு 30 மீட்டரே தாராளம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவரே வந்தார். பர்மாத் தேக்கு நிலையில் ஒரு கிளிப்புகூட அடிக்க மாட்டேன் என்று பிடிவாதமாக, நடையின் மேல் ஓரமாகவே கேபிளைக் கொண்டுபோய், பழைய விளக்கு ஒயர் போன ஓட்டை வழியாக உள்ளே எடுத்தார், அந்த ஓட்டை இருப்பதே எனக்குத் தெரியாது. "ஆச்சி, கொஞ்சம் நகந்து உக்காருங்க, ஸ்டூல் போடணும்" என்று ஆத்தாவை மட்டும் இரண்டு தடவை இடம் மாற்றினார். கேபிள் காசு தனி, வந்து போனதற்கு 500. காபியும் கந்தரப்பமும் கொடுத்தோம், மனைவியிடம் நோன்புக்கு அரைக் கிலோ சீப்புச் சீடை ஆர்டர் கொடுத்துவிட்டுப் போனார், கம்ப்யூட்டரில் ஏறிய முதல் ஆர்டர் அதுதான்.

இது நடந்து மூன்று மாதம் ஆகிறது. இப்போதும் 40 விநாடிக்குள் எழும்புகிறது. குரோமில் மகள் முப்பது டேப் திறந்துவைத்தால் திணறுகிறது, அப்போது டாஸ்க் மேனேஜரைப் பார்த்தால் மெமரி 90-ஐத் தாண்டி நிற்கும், 8 ஜிபிக்கு அதுதான் எல்லை. வீடியோ எடிட்டிங், பெரிய கேம் செய்கிறவர்கள் இந்த ரிவ்யூவை நம்பிப் பழைய மெஷினோடு போக வேண்டாம்.

உங்கள் மெஷின் ஆறாம், ஏழாம் தலைமுறை என்றால் அவர் விண்டோஸ் 11 ஏற்றித் தர மாட்டார், குறுக்கு வழியில் ஏற்றுகிற வித்தை தெரியும், ஆனால் நாளைக்கு அப்டேட் வராமல் போனால் என் கழுத்தைத்தான் பிடிப்பீர்கள் என்பார். அப்படிப்பட்டவர்களுக்கு விண்டோஸ் 10-லேயே செட்டிங்ஸில் அப்டேட் பக்கம் போய் நீட்டிப்பில் சேர்த்துவிடுகிறார், மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட் வேண்டும், 2026 அக்டோபர் 13 வரைக்கும் பாதுகாப்பு அப்டேட் வரும். எஸ்எஸ்டி அந்த மெஷின்களுக்கும் போடலாம்.

போகிறவர்கள் சிபியுவை மட்டும் கொண்டுபோங்கள், மானிட்டர், கீபோர்டு எல்லாம் அங்கே இருக்கிறது. பாஸ்வேர்டை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டு, திரும்பி வந்ததும் மாற்றிவிடுங்கள். ஞாயிறு கடை இல்லை, மற்ற நாளில் காலை பத்தரைக்கு மேல். போன் செய்து பிரயோஜனம் இல்லை, படியேறிப் போய்விடுங்கள், ஆனால் ஏறுவதற்கு முன்னால் மேலே யாராவது இறங்குகிறார்களா என்று ஒரு சத்தம் கொடுத்துவிட்டு ஏறுங்கள்.